அக்கிராசனம் இல்லாத சபைகள்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டம் நடத்தும் முறையைப் பற்றி ஒருவன் மேடையேறித் தனியாகப் பேசுவதும், அதை நீங்கள் எல்லோரும் ஒரே திசையை நோக்கி வரிசையாக அமர்ந்து கேட்பதும், இன்று நான் எடுத்துரைக்க வந்த முறைகளுக்கு நேர் விரோதமான காட்சி. சமையலைப் பற்றிப் பேச வந்தவன் அடுப்பை மூட்டிச் சமைத்தும் காட்ட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லையென்று எண்ணி, இந்த முரண்பாட்டைப் பெரிய மனத்துடன் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம் நாட்டில் சங்கம் இல்லாத ஊர் இல்லை. வாசகசாலை, கூட்டுறவுச் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று எத்தனையோ அமைப்புகள் மாதந்தோறும் ஆண்டுதோறும் கூடுகின்றன, கலைகின்றன. இவை கூடுகிற முறையோ எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காரியதரிசி தலைவரைக் கலந்துகொண்டு நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கிறார். அது முன்கூட்டியே உறுப்பினர்களுக்குப் போய்ச் சேருகிறது. வரவேற்புரை, ஆண்டறிக்கை, வரவு செலவுக் கணக்கு, தேர்தல் என்று வரிசையாக இறங்கி, கடைசி எண்ணுக்கு எதிரே, ‘தலைவர் அனுமதியுடன் கொண்டுவரப்படும் பிற விஷயங்கள்’ என்ற வாசகம் காணப்படுகிறது. உறுப்பினர்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டு வந்ததற்கு உண்மையான காரணமெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசி எண்ணிலேதான் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த எண் வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், மீதிப் பேருக்குக் காபி ஆறிக்கொண்டிருக்கும். நடந்தவற்றைக் காரியதரிசி பிறகு சாவகாசமாக வீட்டிலிருந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார். அடுத்த கூட்டத்தில் அது ‘படித்ததாகக் கருதி’ அங்கீகரிக்கப்படுகிறது.

இந்தச் சாமானியமான காட்சியைச் சற்று ஊன்றிப் பார்த்தோமானால், ஒரு சபையின் அதிகாரம் பூமாலையிலோ உயர்ந்த நாற்காலியிலோ இருப்பதைவிட மூன்று சிறிய காரியங்களில் இருப்பது புலப்படும்: எதைப் பேசுவது என்று முன்னால் எழுதுகிற கை யாருடையது, யார் எப்போது எவ்வளவு நேரம் பேசலாம் என்று தீர்மானிப்பவர் யார், பேசி முடிந்தபின் இன்னதுதான் முடிவு என்று எழுதுகிற கை யாருடையது. தலைவனை நியமிக்காமல் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள விரும்பிய குழுக்கள் உலகத்தில் எங்கெங்கோ, வெவ்வேறு நூற்றாண்டுகளில், ஒன்றையொன்று அறியாமலேகூட, பலவகை உபாயங்களைக் கண்டுபிடித்திருக்கின்றன. அந்த உபாயங்கள் வெளித்தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், அவை எல்லாமே இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை ஒருவர் கையிலிருந்து வாங்கிப் பலர் கையில் கொடுக்கிற முயற்சிகளே என்பது என் அபிப்பிராயம்.

முதலாவதற்கு ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கரின் அனுபவத்தைச் சொல்கிறேன். பாதிரியாராகப் பட்டம் பெற்று, பிற்பாடு நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறுபவராக மாறிய இவர், 1983-ல் சுமார் 250 பேர் கலந்துகொண்ட சர்வதேச மாநாடு ஒன்றை ஒரு வருஷம் முழுவதும் உழைத்து ஏற்பாடு செய்தார். மாநாடு நன்றாகவே நடந்தது. ஆனால் முடிவில் யோசித்துப் பார்த்தபோது, எல்லோருக்கும் மிகவும் பயன்பட்டவை இடையிடையே விட்ட காபி வேளைகளே என்பது அவருக்கும் வந்திருந்தவர்களுக்கும் ஒருங்கே தெரியவந்தது. அவரது ஒரு வருஷத்து உழைப்புக்குச் சற்றும் சம்பந்தமில்லாமல் நடந்த பகுதி அது ஒன்றுதான். வேறொருவராயிருந்தால் மனம் நொந்து அடுத்த மாநாட்டுக்கு இன்னும் கடினமாக உழைத்திருப்பார். ஓவனோ, மாநாடு முழுவதையும் காபி வேளையாகவே நடத்தினால் என்ன என்று கேட்டுக்கொண்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகையில், முன்னொரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அவர் கண்ட சடங்கு அவர் நினைவுக்கு வந்தது. சிறுவர்கள் வாலிபர்களாவதைக் கொண்டாடும் நான்கு நாள் விழா அது. ஊரே திரண்டு நடத்திய அந்த விழாவுக்கு ஏற்பாட்டுக் கமிட்டி என்று ஒன்று இருந்ததாக அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. ஆயினும் எல்லாம் குறைவற நடந்தேறின. ஊரின் வீடுகள் நடுவே ஒரு திறந்த வெளியைச் சுற்றி வட்டமாக அமைந்திருந்தன என்பதை அவர் கவனித்திருந்தார். 1985-ல் கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் 85 பேர் கூடியபோது அவர் செய்ததெல்லாம், நாற்காலிகளை ஒரே வட்டமாகப் போட்டு, ஒரு சுவரை வெறுமையாக விட்டுவைத்ததுதான். சில மணி நேரத்துக்குள் வந்திருந்தவர்களே மூன்று நாளைக்கு வேண்டிய நிகழ்ச்சி நிரலை அந்தச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்கள். இன்று திறந்தவெளி முறை என்று பல நாடுகளிலும் வழங்குவது இதுவே.

நடைமுறை மிகவும் எளியது. வட்டத்தின் நடுவில் தாள்களும் தடித்த பேனாக்களும் கிடக்கும். சுவரில் வேளையும் இடமும் மட்டும் கட்டம் கட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும். கூட்டத்தைக் கூட்டியவர் சுருக்கமாக முறையை விளக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எவர் மனத்தில் ஒரு விஷயம் கனன்றுகொண்டிருக்கிறதோ அவர் எழுந்து நடுவே வந்து, அதை ஒரு தாளில் எழுதி, தம் பெயரைச் சொல்லி, உரக்கப் படித்து, சுவரில் ஓர் இடத்தில் ஒட்ட வேண்டும். அந்த விஷயத்தைப் பற்றிய பேச்சை ஆரம்பித்து வைப்பதும், பேசியதன் சாரத்தை எழுதிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. ஒட்டி முடிந்ததும் எல்லோரும் சந்தையில் கடை பார்ப்பவர்கள்போலச் சுவரண்டை சென்று தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்வார்கள். போய் அமர்ந்த இடத்தில் கற்பதற்கும் இல்லை, கொடுப்பதற்கும் இல்லை என்று தோன்றினால், மரியாதையாக எழுந்து வேறிடத்துக்கு நடந்துவிட வேண்டும். இரண்டு கால்களின் சட்டம் என்று இதற்குப் பெயர். நீண்ட பிரசங்கம் செய்பவர்களை அடக்குவதற்கு இதைவிடச் சாத்விகமான ஆயுதம் கிடையாது. அக்கிராசனர் மணியடிக்க வேண்டியதில்லை, கேட்பவர்கள் எழுந்து போனாலே போதும்.

இம்முறைக்கு ஓவன் சில சித்தாந்தங்களையும் வகுத்தார். வந்தவர்களே தக்கவர்கள் என்பதும், நடந்ததே நடக்கக்கூடியது என்பதும் அவற்றுள் அடங்கும். இரண்டாவது நம் ஊர் விதிவாதத்தை ஒத்திருப்பதால் நமக்குச் சிரமமில்லாமல் விளங்கிவிடும். முதலாவதைத்தான் என்னால் முழுமனத்துடன் ஏற்க முடியவில்லை. பெரிய பெயர்கள் வரவில்லையே என்று ஏங்காமல், வந்த நாலு பேரோடு காரியத்தைத் தொடங்கு என்ற பொருளில் அது அருமையான உபதேசம். ஆனால் கூலி வேலைக்குப் போனதால் வர முடியாதவளும், கூப்பிட்ட செய்தியே எட்டாதவனும் உள்ள ஊரில், வந்தவர்களே தக்கவர்கள் என்று சொல்லித் திருப்தியடைவது எளிது, நியாயம் ஆகாது. வராதவரைப் பற்றிய இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் இடத்தில் இது மிகப் பயங்கரமான உருவத்தில் நம்மை எதிர்கொள்ளும்.

அந்த இடம் குவேக்கர்களின் சபை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையைச் சுற்றித் திரண்ட இந்தக் கிறிஸ்தவப் பிரிவினர், ஒவ்வொருவர் உள்ளத்திலும் இறைவனின் ஒளி இருக்கிறது என்று நம்பினார்கள். அவர்களில் பலர் சம்பளம் பெறும் குருமாரை வைத்துக்கொள்ளவில்லை. சபைக் காரியங்களில் வாக்கெடுப்பையும் ஏற்கவில்லை. தலைகளை எண்ணி உண்மையை அறிய முடியாது என்பது அவர்கள் கொள்கை. அப்படியானால் சொத்து, கல்யாணம், தர்மம், பள்ளிக்கூடம் ஆகிய லௌகிக விவகாரங்களை எப்படி முடிவுசெய்வது? அவர்கள் மௌனமாகக் கூடுகிறார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே பாய்ந்துவிடுவதில்லை. சொன்னது உள்ளே இறங்குவதற்குச் சற்று அமைதி விடுகிறார்கள். ஒரு விஷயத்தில் ஒருவர் சாதாரணமாக ஒரு முறைக்கு மேல் பேசுவதில்லை. முன்பே ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதும் இல்லை.

அவர்களுடைய முறையில் என்னை மிகவும் கவர்ந்தது தீர்மானம் எழுதும் விதம். எழுத்தர் என்று ஒருவர் முன்னால் அமர்ந்திருப்பார். வழிநடத்துவதும் எழுதுவதும் அவர் வேலையே. ஆனால் தம் சொந்த அபிப்பிராயத்தைத் திணிக்க அவருக்கு உரிமை இல்லை. சபை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டுணர்ந்து, அங்கேயே, அப்போதே, எல்லோர் முன்னிலையிலும் குறிப்பை எழுதி உரக்கப் படிக்கிறார். இந்தச் சொல் சரியில்லை, அந்த வாக்கியம் நாங்கள் கருதியதைவிட அதிகம் சொல்கிறது என்று சபையோர் திருத்துகிறார்கள். எழுதியது எல்லோருக்கும் சம்மதமானபின்தான் அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். முழுச் சம்மதம் இல்லாத ஒருவர், எனக்கு இதில் ஒப்புதல் இல்லை, ஆனால் குறுக்கே நிற்கமாட்டேன் என்று ஒதுங்கி நிற்கலாம். ஒதுங்கவும் மனம் இடம்கொடாதவர் இருந்தால் விஷயம் பெரும்பாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். நம் சங்கங்களில் காரியதரிசியின் வீட்டில் தனிமையில் நடக்கும் ஒரு காரியம், அங்கே சபையின் நடுவிலேயே நடக்கிறது.

இந்த முறையின் மகிமையையும் குறையையும் ஒரே சரித்திரத்தில் காணலாம். 1688-ல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையொப்பமிட்டு, மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது தகாது என்று தங்கள் சபைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். இது மிகப் பெரிய விஷயம், நாங்கள் முடிவு செய்யக்கூடியதன்று என்று கீழ்ச்சபை மேற்சபைக்கு அனுப்ப, மேற்சபையும் கைவிட்டது. சபையின் செல்வர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். ஜான் உல்மன் போன்றவர்கள் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். 1758-ல் பிலடெல்பியாவின் வருடாந்தர சபை அடிமை வியாபாரத்துக்கு எதிராகத் திடமான நிலையெடுத்தது. 1776-ல், அடிமையை விடுவிக்க மறுப்பவர் சபையில் இருக்க முடியாது என்று முடிவாயிற்று. நாடு அந்த முடிவுக்கு வர மேலும் 89 ஆண்டுகளும் ஓர் உள்நாட்டு யுத்தமும் தேவைப்பட்டன என்று நினைத்தால், குவேக்கர்களின் பொறுமையை வியக்கத் தோன்றும். ஆனால் விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட 88 ஆண்டுகளில் அந்த மௌனத்தை அனுபவித்தவர்கள் யார், அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், விலை கொடுத்தவர்களுக்கு அந்த வட்டத்தில் ஓர் ஆசனமும் இல்லை. எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்ற விதி, ஏற்கெனவே வசதியாக இருப்பவனுக்குக் கிடைத்த கோட்டையாகவும் ஆகிவிடலாம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றவர் கேஸ் போகே என்ற டச்சுக்காரர். அவரும் குவேக்கரே. சாக்லேட் வியாபாரத்தில் பெயர்பெற்ற காட்பரி குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். தம்பதிகள் இருவரும் அந்தச் செல்வத்தை வேண்டாமென்று துறந்தவர்கள். 1926-ல் பில்தோவனில் அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தில் குழந்தைகளும் ஆசிரியர்களும் ஒன்றாகக் கூடிப் பள்ளிக் காரியங்களைத் தீர்மானித்தார்கள். பெரும்பான்மை சிறுபான்மையை வெல்லும் ஜனநாயகத்துக்கு மேற்பட்ட ஒன்று சாத்தியம் என்று 1945-ல் அவர் ஒரு கட்டுரையில் வாதித்தார். அந்தப் பள்ளியில் படித்த ஜெரார்ட் எண்டன்பர்க் பிற்காலத்தில் தம் குடும்பத்தின் மின்பொறியியல் கம்பெனியில் அதே கொள்கையைப் புகுத்தியபோது, கேள்வியைச் சற்று மாற்றினார். எல்லோரும் இதை விரும்புகிறீர்களா என்று கேட்பதில்லை. இதைச் செய்தால் நம் பொதுக் காரியம் கெடும் என்று காரணத்தோடு சொல்லக்கூடிய ஆட்சேபம் எவருக்காவது உண்டா என்று மட்டும் கேட்பது. விருப்பமின்மை தடையாகாது, காரணமுள்ள ஆட்சேபமே தடையாகும். அதையும் வாயடிப்பவர்கள் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதபடி, வட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எல்லோரிடமும் முறை வந்து சேரும். முறை தம்மிடம் வரும்வரை காத்திருக்கத் தெரியாத மனிதர் எத்தனை பேர் என்பதையும், முறை வந்ததால் மட்டுமே பேசுகிற மனிதர் எத்தனை பேர் என்பதையும், இந்தச் சுற்றை ஒரே ஒருமுறை நடத்திப் பார்த்தாலும் கண்டுகொள்ளலாம்.

இவ்வளவு விதிகள் எதற்கு, நண்பர்கள் கூடினால் தானாகப் பேசிக்கொள்ளமாட்டார்களா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 1960-களின் கடைசியில் அமெரிக்கப் பெண் விடுதலைக் குழுக்கள் அப்படியே நினைத்தன. தலைமை வேண்டாம், அமைப்பு வேண்டாம் என்று கூடிய அக்குழுக்களின் உள்ளே இருந்த ஜோ ஃப்ரீமன், 1970-ல் ஆற்றிய உரையொன்றில், அமைப்பில்லாத குழு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று எடுத்துக்காட்டினார். விதிகள் எழுதப்படாவிட்டால், முன்பே சிநேகிதமாயிருக்கும் நாலைந்து பேரின் விதி மற்றவர்களுக்குத் தெரியாமல் நடக்கும். தேர்ந்தெடுக்கப்படாத தலைமையை நீக்குவதற்கும் வழியிராது. இது 1972-ல் அச்சாகிப் பலரால் படிக்கப்பட்டது. நம் திருப்பணிக் குழுக்களின் திண்ணைப் பேச்சை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

விதி என்பது எப்போதும் யோசித்து வகுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் என்ற நிதித் தெருவை அடுத்த பூங்காவில் போராட்டத்துக்காகக் கூடியவர்களுக்கு அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கத் தடை இருந்தது. ஆகவே ஒருவர் நாலைந்து சொற்களைச் சொல்லி நிறுத்த, சுற்றியிருந்தவர்கள் அவற்றை ஒரே குரலில் திருப்பிச் சொல்லித் தூரத்திலிருந்தவர்களுக்கு எட்டச் செய்தார்கள். எவரும் நீட்டி முழக்க முடியவில்லை. அதோடு, தமக்குப் பிடிக்காத அபிப்பிராயத்தையும் தம் வாயாலேயே உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1980-களின் பிற்பகுதியில், ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞரும் கர்நாடகத்தின் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்களும் கிராமத்தாரைக் கேள்வித்தாள் கொண்டு விசாரிப்பதை விட்டுவிட்டு, அவர்களையே தங்கள் ஊரைத் தரையில் வரையச் சொல்லும் முறையைப் பரப்பினார்கள். கோலப்பொடியால் தெருவும் ஏரியும், கூழாங்கல்லால் வீடுகளும், புளியங்கொட்டைகளைக் குவித்து எந்தக் கஷ்டம் பெரியது என்ற வரிசையும் மண்ணிலேயே உருவாகும். அதிகாரி கையிலிருந்த குச்சியைக் கிராமத்தானிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும் என்பதே அம்முறையின் மந்திரம். அதிலும் ஒரு சூக்குமம் உண்டு. அதே படத்தைத் தாளில் பேனாவால் வரையச் சொன்னால், பள்ளியிறுதி வரை படித்த வாலிபன் ஒருவன் பேனாவை வாங்கிக்கொள்வான். மற்றவர்கள் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். தரையில் வரைந்தாலோ, குந்தியிருக்கும் கிழவிகூடக் கையை நீட்டி, கிணறு இங்கே இல்லை, அங்கே என்று அழித்துப் போட முடியும்.

இதே காலத்தில்தான், 1989-ல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தோன்றின. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தேசிய அளவில் ஆரம்பித்தது. பன்னிரண்டு முதல் இருபது பேர். தவறாமல் கூட்டம், சேமிப்பு, உள்கடன், பதிவேடு. குழுவை நடத்திச் செல்பவருக்கு ஊக்குநர் என்று பெயர் வைத்தார்கள். தலைவி என்று வைக்காமல் விட்டது நல்ல காரியம். கடன் யாருக்கு முதலில் என்பதை மேலதிகாரி சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியின் கஷ்டத்தை அறிந்த பெண்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தீர்மானிக்கிற அந்தச் சபைக்கு, நான் மேலே சொன்ன வெளிநாட்டு உதாரணங்கள் எதற்கும் குறையாத கௌரவம் உண்டு.

ஆனால் நாம் ஆரம்பித்த மூன்றாவது கேள்வி, எழுதுகிற கை யாருடையது என்ற கேள்வி, இங்கேதான் மிகக் கூர்மையாகக் குத்துகிறது. இருபது பேரில் தடங்கலில்லாமல் எழுதத் தெரிந்தவள் ஒருத்தியோ இருவரோ. அவளே ஊக்குநர், அவளே தீர்மானம் எழுதுகிறாள், வங்கிக்குப் போகிறாள், மேலாளருடன் பேசுகிறாள். பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்ற விதியை யாரும் மீறுவதில்லை, நிறைவேற்றுவதும் இல்லை. நீதான் அக்கா விவரம் தெரிந்தவள், நீயே இரு என்று மற்றவர்கள் சொல்வதிலும் பொய் இல்லை. அவளை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நான் நினைக்கவில்லை. குவேக்கர் சபையின் எழுத்தரும் ஒருவரேதான் எழுதுகிறார். வித்தியாசம், எழுதியதை அங்கேயே படித்துத் திருத்தம் கேட்பதில் இருக்கிறது. நல்ல குழுக்கள் சிலவற்றில் பணத்தை நடுவில் போட்டு எல்லோரும் பார்க்க எண்ணுகிறார்கள். யார் எவ்வளவு என்பதை உரக்கச் சொல்கிறார்கள். பணத்துக்குச் செய்கிற மரியாதையைத் தீர்மானத்துக்கும் செய்யலாம். எழுதிய வாக்கியத்தைக் கூட்டம் கலையுமுன் படித்துக் காட்டி, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியைக் கூப்பிட்டு, இப்போது என்ன முடிவு செய்தோம், நீ சொல் என்று கேட்டு, அவள் சொல்வதும் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்தும் ரேகையும் வாங்கலாம். இதற்குச் செலவு கிடையாது. கால் மணி நேரம் பிடிக்கும். அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்க மனமில்லாத இடத்தில் வட்டமாக உட்கார்ந்திருப்பது ஓர் அலங்காரம்.

கடைசியாக ஒன்று. கிராம சபைகளிலும் அலுவலகங்களிலும் இப்போதெல்லாம் மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வண்ணத் தாள்களைக் கொடுத்து, எழுதி ஒட்டச் சொல்கிற வழக்கம் பரவிவருகிறது. சாலை எங்கே போவது, கட்டடம் எந்த ஒப்பந்தக்காரருக்கு என்பவை முன்பே தீர்ந்துபோன இடங்களிலும் இது நடக்கிறது. முடிவு முன்பே தெரிந்திருக்கும் இடத்தில் திறந்தவெளி முறை பலிக்காது என்று ஓவனே எச்சரித்திருக்கிறார். அத்தகைய கூட்டத்தைக் கூட்டுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை, முடிவை நேராக அறிவித்து, காரணத்தைச் சொல்லி, கேட்கிற கேள்விகளுக்குப் பதிலளித்து, ஜனங்களைச் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்பதுதான். அரை நாள் கூலியாவது அவர்களுக்கு மிஞ்சும்.